இருக்கையின் மேல் விழுந்த பழி

ஜூன் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, காலை பத்தே முக்கால் மணிக்கு, சிங்கப்பூருக்கு எதிர்க்கரையில் உள்ள பாசிர் கூடாங்கில் ஒரு தேவாலய வாசலில், என் அத்தை தம் மோட்டார் சைக்கிளின் இருக்கையைக் குற்றவாளி என்று அறிவித்தார். பூசை முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். வண்டியில் ஏறுவதற்காக வலக்காலைத் தூக்கியவர், பாதியில் நிறுத்தி, காலைக் கீழே வைத்துவிட்டு, இடுப்பில் கை ஊன்றி அந்தக் கறுப்பு இருக்கையை முறைத்தார்.

“இது சரியில்ல லா. இடுப்ப ஒடிக்குது. மாத்தணும்.”

நேரம் எனக்கு நினைவிருப்பதற்குக் காரணம் உண்டு. பின்னாளில் நாங்கள் பார்த்த மருத்துவர்கள் எல்லோரும் முதலில் கேட்ட கேள்வி, வலி எப்போது தொடங்கியது என்பதுதான். ஒவ்வொரு முறையும் நான் இந்தக் காலையைச் சொன்னேன். வலி இருக்கையிலிருந்து வரவில்லை, எலும்புக்குள்ளிருந்து வந்தது என்பது எங்களுக்கு அக்டோபரில்தான் தெரிந்தது. இடைப்பட்ட மாதங்களில் அத்தை இருக்கையை மூன்று முறை மாற்றினார்.

அவர் என் அப்பாவின் அக்கா. என் பெற்றோர் காஹாங்கில் இருந்தார்கள். பல்கலைக்கழக விடுமுறைகளில் பாதியை நான் பாசிர் கூடாங்கில் அத்தையோடு கழிப்பேன். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. சமையல் எண்ணெயை டின்களில் அடைக்கும் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. ஓடிவரும் வரிசையில் நசுங்கிய டின்னைக் கண்டுபிடித்து ஒதுக்குவது அவர் பொறுப்பு. இந்த வேலையையும் அவர் குணத்தையும் முடிச்சுப்போட்டுப் பார்க்க யாருக்கும் தோன்றும். ஆனால் வேலைக்குச் சேர்வதற்கு வெகுகாலம் முன்பே அவர் அப்படித்தான் இருந்தார் என்கிறார் அப்பா.

அவர் குணம் இதுதான்: உலகத்தில் நடக்கும் எந்தத் தவறுக்கும் ஏதாவது ஒரு பொருளே காரணம். மனிதர்கள் யாரும் காரணமில்லை. குழம்பு தீய்ந்தால் அடுப்பு கெட்டது. பக்கத்து வீட்டுக்காரர் இரவல் வாங்கிய ஏணியைத் திருப்பித் தராவிட்டால், அந்த ஏணிக்கு நம் வீடு பிடிக்கவில்லை. வட்ட விளக்கு வைத்த பழைய பாணி மோட்டார் சைக்கிளை அவர் வாங்கியதற்குக் காரணமும் இந்த நியாயம்தான். “சதுர வெளக்கு வச்ச வண்டியெல்லாம் நம்மள மொறைக்குது. இது பாரு, சும்மா பாக்குது” என்றார்.

ஒருமுறை பாவசங்கீர்த்தனத்துக்குப் போய்விட்டுச் சிரித்துக்கொண்டே வந்தார். அவரே சொன்ன கதை இது.

“ஃபாதர் திட்டிட்டாரு. ‘அம்மா, இங்க வந்து உங்க பாவத்த சொல்லணும். உங்க மிக்சி செஞ்ச பாவத்த இல்ல’ன்றாரு.”

“நீங்க என்னா சொன்னீங்க?”

“அவரு என்னா செய்வாரு. அந்தக் கூண்டு சின்னது, காத்து வரல. அதான் கோவம்.”

இது வேடிக்கையாக இருந்த அளவுக்கு எனக்கு நெருடலாகவும் இருந்தது. மாமா கடற்பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனார். முதலில் தினமும் திரும்பினார், பிறகு வாரம் ஒருமுறை, பிறகு திரும்பவேயில்லை. அங்கே வேறு குடும்பம் அமைந்துவிட்டது என்று ஊரெல்லாம் தெரிந்த பிறகும் அத்தை அவரைப் பற்றி ஒரு கடுஞ்சொல் சொல்லிக் கேட்டதில்லை. அப்பா கொதித்துப்போய் வந்த அன்று நான் அடுக்களையில் இருந்தேன்.

“அந்தாளு செஞ்சது துரோகம் அக்கா. நீ ஏன் வாயத் தொறக்க மாட்ற?”

“அவர என்னா சொல்றது. அந்தப் பாலம் சரியில்லடா. போறதுக்கு சொலபம், வர்றதுக்கு ஜாம்.”

“பாலமா ஓடிப்போச்சு?”

“ஆள சொன்னா ஆளுக்கு நோவும். பாலத்துக்கு என்னா? அது கேட்டுக்கும்.”

அப்பா எழுந்துவிட்டார். வாசலில் செருப்பை மாட்டும்போது என்னிடம், “இவகிட்ட இருந்தா ஒருத்தனும் திருந்த மாட்டான்” என்றார். அதில் உண்மை இருந்தது. ஆனால் அத்தையிடம் குற்றவாளியாக நின்று பழகியவர்களுக்கு அந்த இடம் எவ்வளவு நிழலாக இருந்தது என்பதும் எனக்குத் தெரியும். இடைநிலைப்பள்ளியில் பேச்சுப்போட்டி மேடையில் நான் இரண்டாம் பத்தியை மறந்து நின்றேன். இறங்கி வந்ததும் அத்தை சொன்னார்:

“அந்த மைக்கு ஒழுங்கில்ல லா.”

“மைக் நல்லாத்தான் இருந்துச்சு அத்தை. நான்தான் மறந்துட்டேன்.”

“மறக்கற மாதிரி கீ-ன்னு கத்துச்சே, அத யாரு கேக்கறது?”

நான் எதையும் சரியாகச் சொல்ல விரும்புகிறவள். அன்று வாதாடினேன். வீடு போய்ச் சேர்வதற்குள் அழுகை நின்றிருந்தது.

இருக்கை வாங்குவதற்கு மாசாயில் ஒரு கடைக்குப் போனோம். மோட்டார் சைக்கிள் அலங்காரப் பொருள்கள் விற்கும் கடை. சுவர் முழுக்க இருக்கைகள் வரிசையாகத் தொங்கின. கடைக்காரர் முப்பது வயது மதிக்கத்தக்கவர். ஒரு காதில் கடுக்கன், நிற்காத வாய்.

“ஆண்ட்டி, தாத்தா காலத்து ஸ்டைல்ல வண்டி வச்சிக்கிட்டு சீட்டு மட்டும் கம்பெனி சீட்டா? இத பாருங்க. பின்னால திமிலு வச்சது. ஒரு ஆளு சீட்டு. ரேஸ் மாதிரி இருக்கும்.”

“இவ எங்க உக்காருவா? திமிலு மேலயா?”

“அவங்களுக்கு நான் ஒரு வண்டி பாத்துக் குடுக்குறேன்.”

“வாய் நல்லா இருக்கு ஒனக்கு. சீட்டக் காட்டு.”

அத்தை குள்ளம். வண்டி நிற்கும்போது இரண்டு பாதங்களும் தரையில் படவேண்டும் என்பது அவர் நிபந்தனை. கடைக்காரர் அதன் சிக்கலை விளக்கினார்.

“சீட்டு ஒசரம் கொறையணும்னா ஸ்பாஞ்ச கொறைக்கணும் ஆண்ட்டி. ஸ்பாஞ்ச கொறைச்சா இடுப்பு பேசும். ஒண்ணு கால் எட்டணும், இல்ல இடுப்பு சொகமா இருக்கணும்.”

“ரெண்டும் வேணும்.”

“ரெண்டும் வேணும்னா கார் வாங்குங்க.”

அத்தை விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே ஒரு கையால் கடையின் கண்ணாடி மேசையைப் பிடித்துக்கொண்டார். அதை நான் சிரிப்பின் பகுதி என்றே எடுத்துக்கொண்டேன்.

கடைசியில் தட்டையான, பழுப்பு நிற இருக்கை ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். குறுக்கே வரிவரியாகத் தைத்தது. முன்பக்கம் குறுகி, தொடைகளுக்கு இடம்விட்டது. அடித்தட்டின் துளைகள் வண்டியின் சட்டத்தில் சரியாகப் பொருந்தின. பூட்டும் ஒரே தட்டில் விழுந்தது. வட்ட விளக்குக்கும் வளைந்த பெட்ரோல் தொட்டிக்கும் அந்தப் பழுப்பு அவ்வளவு எடுப்பாக இருந்தது. கடைக்குள் வண்டியை நிறுத்தி அத்தை ஏறி உட்கார்ந்தபோது எல்லாம் சரியாகவே தோன்றியது. கடைக்குள் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்த்தால் எந்த இருக்கையும் நல்ல இருக்கைதான்.

ஒரு வாரத்தில் மழை வந்தது. தையல் துளைகளின் வழியே நீர் இறங்கி, ஸ்பாஞ்சு குடித்துவைத்துக்கொண்டது. வெயில் வந்த பிறகு, அத்தை வேலைக்குப் புறப்பட்டு உட்கார்ந்த மாத்திரத்தில் குடித்ததையெல்லாம் அவர் சீருடையில் கக்கியது. அத்தைக்குக் கோபத்தைவிட ஒருவிதத் திருப்தியே அதிகம். கையும் களவுமாகப் பிடிபட்ட குற்றவாளி அல்லவா. இடுப்பு வலியையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்துவிட்டார்.

அந்த விடுமுறையின் மிச்ச நாள்கள் முழுதும் நான் அவர் பின்னால் அமர்ந்து சென்றேன். அதே ஸ்பாஞ்சு, அதே தையல், அதே சாலை. எனக்கு ஒன்றும் செய்யவில்லை.

நான் பல்கலைக்கழகம் திரும்பிய பிறகு அத்தையின் குரல்பதிவுகள் வரத் தொடங்கின. இரண்டாவது இருக்கை வாங்கியிருந்தார். உள்ளே ஜெல் வைத்தது, அகலமானது. “கண்ணு, இந்த ஜெல்லு இருக்கே, வேஷக்காரி. காலைல பஞ்சு, மத்தியானம் கல்லு” என்றது ஒரு பதிவு. தொழிற்சாலைப் பக்கத்துக் கிளினிக்குக்கும் போயிருக்கிறார். “டாக்டர்கிட்ட மோட்டார் சீட்டு சரியில்லன்னு சொன்னேன். அவரே சீட்ட மாத்துங்கன்னுட்டாரு. மாத்திரையும் குடுத்தாரு” என்று பெருமையாகச் சொன்னார். மருத்துவர் எங்கே வலிக்கிறது என்று கேட்டாரா, இவர் எங்கே என்று காட்டினாரா என்பது எனக்குத் தெரியாது. அத்தை எடுத்துச் சென்ற வழக்கில் தீர்ப்பும் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது.

செப்டம்பர் விடுமுறையில் நான் வந்தபோது அவர் இளைத்திருந்தார். கண்ணாடி இளைப்பாகக் காட்டுகிறது என்றார்.

யோங் பெங்கில் ஆளுக்கேற்ற அளவில் இருக்கை செய்துதரும் சீனர் ஒருவர் இருப்பதாக மாசாய்க் கடைக்காரரே சொல்லியிருந்தார். இருவரும் நெடுஞ்சாலையில் போனோம். போகும் வழியில் அடிக்கடி நிறுத்தினோம். ஒவ்வொரு முறையும் அத்தை ஜெல் இருக்கையைக் கையால் அடித்துவிட்டுத்தான் மீண்டும் ஏறினார்.

அந்தச் சீனர் அளவெடுக்கும் முறை வேறாக இருந்தது. பெரிய ஸ்பாஞ்சுக் கட்டி ஒன்றின் மேல் கறுப்புத் துணியை விரித்து, அதில் முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவி, அதன்மேல் அத்தையை உட்காரச் சொன்னார். எழுந்ததும் இருவரும் குனிந்து பார்த்தார்கள். துணியின் இடப்பக்கம் பவுடர் அழுந்தி வட்டமாகக் கிடந்தது. வலப்பக்கம் ஏறக்குறைய தூவியது தூவியபடியே இருந்தது. அத்தை தம் உடம்பின் வலப் பாதியை உட்காரவே விடவில்லை.

“கக்கா ஒரு பக்கமா உக்கார்றாங்க” என்றார் அவர் மலாயில், அத்தையை அக்கா என்று குறித்து, என்னிடம். குறையாகச் சொல்லவில்லை; ஒரு அளவாகச் சொன்னார். பிறகு அந்த அளவுக்கே ஸ்பாஞ்சை வெட்டினார். இடப்பக்கம் தடிமனாக, வலப்பக்கம் சரித்து, வலப்பக்க எலும்பு எதிலும் படாதபடி. பிற்பகலில் உறை போட்டு முடித்துவிட்டார். வலிக்கு அளவெடுத்து, வலிக்குப் பொருத்தமாக ஓர் இருக்கையைச் செய்தார் என்று இப்போது சொல்லலாம். அன்று எங்களுக்கு அது நல்ல வேலைப்பாடு, அவ்வளவுதான்.

திரும்பும் வழியில் அத்தை முதலில் பாடிக்கொண்டு வந்தார். பாடல் நின்றது. கொஞ்ச தூரத்தில் நெடுஞ்சாலை ஓய்விடத்துக்குள் வண்டியைத் திருப்பினார். அவரால் இறங்க முடியவில்லை. நான் இடுப்பைச் சுற்றிப் பிடித்து இறக்கினேன். பான விற்பனைக் கடையின் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் முழுக்க வியர்வை.

“சீட்டு எப்படி அத்தை?”

“சீட்டு நல்லாத்தான் இருக்கு.”

“அப்போ?”

அத்தை புறங்கையால் நெற்றியைத் துடைத்தார்.

“நிக்கிறப்பவுமா வலிக்குது?”

அத்தை சுற்றிலும் பார்த்தார். வண்டி எட்ட நின்றது. நாற்காலி இல்லை, பெஞ்சு இல்லை. அவர் எதன் மேலும் உட்கார்ந்திருக்கவில்லை. அந்தப் பார்வையை நான் மறக்கமாட்டேன். தேடினார். தூணைப் பார்த்தார், தம் தோள்பையைப் பார்த்தார், கடைசியில் குனிந்து கால்களைப் பார்த்தார்.

“இந்த சிலிப்பர் லா,” என்றார். “அடி தேஞ்சு போச்சு.”

இரண்டு செருப்புகளையும் கழற்றி ஓரமாகத் தள்ளினார். சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு நின்றார். நான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. காலை மாற்றி ஊன்றி, “அலமாக், தரையும் சுடுது” என்று முனகினார். நான் அப்பாவை அழைத்தேன். காஹாங்கிலிருந்து அப்பா காரில் வந்து அத்தையைப் பின்னிருக்கையில் படுக்கவைத்து அழைத்துப்போனார். வண்டி அன்று ஓய்விடத்திலேயே நின்றது.

ஜொகூர் பாருவின் பெரிய மருத்துவமனையில் படங்கள் எடுத்தார்கள். மார்பில் தொடங்கிய நோய் வலது இடுப்பெலும்பில் குடியேறி வெகுநாளாகியிருந்தது. மருத்துவர் விளக்கி முடித்ததும் அப்பா இரு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். அத்தை அவர் முதுகைத் தட்டினார்.

“அழாதடா. அந்த ஸ்கேன் மிஷினு பழசு. கொர கொரன்னு சத்தம் கேட்டுச்சு, நீ கேக்கல?”

யாரும் சிரிக்கவில்லை. அவர் மட்டும் கொஞ்சம் சிரித்தார்.

கிறிஸ்துமஸுக்குப் பிறகு அவர் வார்டிலேயே இருக்கவேண்டியதாயிற்று. நோயைக் குணப்படுத்தும் பேச்சு முடிந்துவிட்டது. இனி வலி தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் மருத்துவம் என்றார்கள். நான் படிப்பில் ஒரு பருவத்தைத் தள்ளிவைத்துவிட்டு வந்து உடனிருந்தேன். தினமும் காலையில் தாதி வந்து கேட்பார். எங்கள் பக்கத்தில் மூத்தவர்கள் தாதியை மிஸ்ஸி என்றுதான் அழைப்பார்கள். இவர் தமிழ்ப் பெண்.

“ஆண்ட்டி, வலி எவ்ளோ இருக்கு? பத்துக்கு எத்தன?”

“ரெண்டு மிஸ்ஸி. வலியெல்லாம் இல்ல. இந்தத் தலகாணிதான் சரியில்ல.”

தலையணையை மாற்றினார்கள். மறுநாள் மெத்தை. பிறகு கட்டிலை மின்விசிறிக்கு அடியிலிருந்து நகர்த்தினார்கள். அத்தை கேட்ட ஒவ்வொன்றையும் அந்தப் பெண்கள் முகம் சுளிக்காமல் செய்தார்கள். மருந்தின் அளவு மட்டும் ஏறவில்லை. நோயாளி சொல்வதை வைத்துத்தான் அளவைக் கூட்டமுடியும் என்று மருத்துவர் என்னிடம் சொன்னார்; இவர் இரண்டுக்கு மேல் சொன்னதே இல்லை.

ஒருநாள் மாலை, பார்வையாளர் நேரத்தில் அப்பா வந்துவிட்டுப் போன பிறகு, நான் கட்டிலருகே அமர்ந்திருந்தேன். அத்தை கட்டிலின் கம்பியை இறுகப் பிடித்திருந்தார்.

“வலிக்குதா அத்தை?”

“இந்தக் கட்டில் லா. நடுவுல பள்ளம்.”

“பள்ளம் இல்ல. நான் தொட்டுப் பாத்தேன்.”

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினார்.

“உடம்புலதான் வலி. கட்டில்ல இல்ல. உங்களுக்கே தெரியும்.”

நான் யாரிடமும் இப்படிப் பேசுகிறவள் இல்லை. அத்தை மெல்லத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். கம்பியை விட்டுவிட்டு, வலது இடுப்பின் மேல் உள்ளங்கையை வைத்தார். அழுத்தவில்லை, சும்மா வைத்தார்.

“உடம்ப என்னா சொல்றது கண்ணு. பாவம், அதுவும் எத்தன வருசம் நின்னுக்கிட்டே வேல செஞ்சுச்சு.”

நான் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றேன். அவர் தம் உடம்பைப் பொருள்களோடு சேர்த்திருக்கவில்லை. மாமாவும் நானும் அப்பாவும் இருந்த பக்கத்தில்தான் அதையும் வைத்திருந்தார். அதன் மேல் ஒரு குற்றமும் விழவிடமாட்டார். அவராக அதைச் சொல்லப்போவதில்லை, என்றைக்கும்.

மறுநாள் காலை நான் வழக்கத்தைவிட முன்னதாகவே வார்டுக்குப் போய், இரவு எப்படிக் கழிந்தது என்று பக்கத்துக் கட்டில் அம்மாவிடம் விசாரித்துக்கொண்டேன். மிஸ்ஸி வந்து வழக்கமான கேள்வியைக் கேட்டார். அத்தை கட்டில் கம்பியைப் பிடித்தபடி “ரெண்டு” என்றார். போர்வை சொரசொரவென்று இருப்பதாகவும் சொன்னார்.

“ரெண்டு இல்ல மிஸ்ஸி,” என்றேன். “ஒன்பது. ராத்திரியெல்லாம் தூங்கல. பொரண்டு படுக்க முடியல. வலது இடுப்புல ஆரம்பிச்சு முழங்கால் வரைக்கும் வருது.”

“இவ பொய் சொல்றா,” என்றார் அத்தை.

மிஸ்ஸி எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். நான் மீண்டும் ஒருமுறை, அதே சொற்களை, அதே வரிசையில் சொன்னேன். அவர் மருத்துவரை அழைத்து வந்தார். அவரிடமும் சொன்னேன். ஊசி ஏறி, அத்தையின் விரல்கள் ஒவ்வொன்றாகக் கம்பியிலிருந்து பிரியும்வரை நான் அங்கேயே நின்றேன்.